ஒன்பது நிமிடம் நின்ற லைன்

மாரிசெல்வி டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆனது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்வரை அவள் அதே கம்பெனியில், கார் சீட்டுக்குள் இருக்கும் இரும்புச் சட்டங்களுக்கு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். கயத்தாறு பக்கத்துப் பெண். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு பத்தொன்பது வயதில் ஒரகடத்துக்கு வந்தாள். வடக்குப்பட்டில் ஓர் அறைக்கு எட்டுப் பேர் இருந்த ஹாஸ்டலில் தங்கி நாலு வருடம் ஸ்டிக்கர் ஒட்டினாள். டிப்ளமாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெங்களூரில் வேலை கிடைத்து ராஜினாமா செய்தபோதுதான் கேட்டார்கள். ஹெச்.ஆர். ஆள் லைனுக்கு வந்து, "இங்க யாருக்காவது கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார். மாரிசெல்வி கை தூக்கினாள். டைப் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்தாள். பொறுப்பை ஒப்படைக்க இரண்டு நாள் ஒதுக்கியிருந்தார்கள். முதல் நாள் அவர் பாஸ்வேர்டைச் சொன்னார். இரண்டாம் நாள் அவருக்குப் பிரிவு உபசார விழா நடந்தது.

அதற்குப் பிறகு எட்டு வருடம் ஓடிவிட்டது. வேலையை அவள் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டாள். முதல் வருடம், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு பெரிய ஃபைலை அழித்தாள். அரை நாள் பிளாண்ட் நின்றது. அதிலிருந்து எதையும் அழிக்குமுன் அதைப் பற்றி வாசித்துவிடுவாள். சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து வரும் ஷேர் ஆட்டோவில், இரண்டு பேர் உட்காரும் இடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, போனில் பாடம் பார்த்தாள். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, அது உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்தாள். யாரும் அப்படிப் பார்க்கச் சொல்லவில்லை. ஸ்டோர்ஸில் நாற்பது நிமிடம் ஓடிய ஒரு ரிப்போர்ட்டுக்கு இண்டெக்ஸ் போட்டு நாலு விநாடியில் வர வைத்தாள். ஸ்டோர்ஸ் ஆபீசர் அதற்குப் பிறகு அவளிடம் சரியாகப் பேசுவதில்லை. அந்த நாற்பது நிமிடத்தில்தான் அவர் சாப்பிடுவாராம்.

கல்யாணம் ஆனது. கணவன் இசக்கிபாண்டி பக்கத்து பிளாண்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கயத்தாறில் இருக்கும் அம்மாவுக்கு மகளின் வேலையைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் ஏசி. "இன்னும் ஏசி ரூம்லதான இருக்க?" என்று வாரம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வாள். அந்த ஏசி சர்வருக்காகப் போட்டது. மாரிசெல்வி அதற்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன வருடம் ஜனவரியில் லைன் நிற்க ஆரம்பித்தது.

தினமும் ஒரு தடவை, எட்டு ஒன்பது நிமிடம். வேறொன்றும் இல்லை, ஸ்டிக்கர் வராது. ஸ்டிக்கர் இல்லாமல் எந்தச் சட்டமும் அடுத்த மேஜைக்குப் போகக்கூடாது என்பது விதி. எனவே எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பிறகு தானாகவே பிரிண்டர் கரகரவென்று தேங்கிக்கிடந்த ஸ்டிக்கர்களை எல்லாம் துப்பும். கார் கம்பெனிக்கு மணிக்கு ஒரு லாரி போயாக வேண்டும் என்பதால் அந்த ஒன்பது நிமிடத்தை அன்று முழுக்க ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

லைன் சூப்பர்வைசர் சுடலை திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். தினமும் அவர்தான் போன் பண்ணுவார்.

"மாரி, நிக்கி."

"பாக்கேன் அண்ணாச்சி."

அவள் பார்ப்பாள். பார்த்து முடிப்பதற்குள் லைன் ஓட ஆரம்பித்துவிடும். "சரியாயிட்டு, தேங்க்ஸ்" என்று சுடலை போனை வைத்துவிடுவார். இப்படிப் பல வாரங்கள், அவள் செய்யாத வேலைக்கு நன்றி வாங்கிக்கொண்டிருந்தாள்.

காரணத்தைப் பற்றி பிளாண்டில் பல கருத்துகள் இருந்தன. மெயிண்டனன்ஸ் ஆட்கள் நெட்வொர்க் என்றார்கள். நெட்வொர்க் ஆட்கள் பிரிண்டர் என்றார்கள். பிரிண்டர் கம்பெனிக்காரர் வந்து, பிரிண்டரைச் சுற்றிப் பார்த்து, காற்றில் ஈரப்பதம் என்றார். சுடலை எதுவும் சொல்லாமல் பிரிண்டருக்கு எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கட்டினார். அதற்குப் பிறகு மூன்று நாள் லைன் நிற்கவே இல்லை. நாலாம் நாள் நின்றது. பழம் காய்ந்துவிட்டது என்று மாற்றிக் கட்டினார்.

சாஃப்ட்வேர் செய்துகொடுத்த கம்பெனியில் இருந்து டென்னிஸ் என்ற இன்ஜினியர் வந்தார். நல்ல பையன், கொரட்டூரில் இருந்து பைக்கில் வருவார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, சர்வர் பழசு, புதிது வாங்குங்கள் என்றார். பிளாண்ட் மேனேஜர் நயினார் வாங்கினார். அதை ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினார்கள். புது சர்வர் பழையதைவிட ஆறு மடங்கு வேகம். திங்கட்கிழமை பத்தேகாலுக்கு லைன் நின்றது. அதே ஒன்பது நிமிடம்.

அன்று மாரிசெல்வி போனை எடுக்குமுன்பே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைன் நின்ற அந்த ஒன்பது நிமிடமும் சர்வர் எந்த வேலையும் செய்யவில்லை. ப்ராசசர் மூன்று சதவீதம். டிஸ்க் சும்மா கிடந்தது. வேலைப்பளுவில் மூச்சு முட்டுகிற சர்வர் இப்படி இருக்காது. அது எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தது. காத்திருப்பதற்கு வேகமான சர்வர் தேவையில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வருடத்தில் உறைத்திருக்க வேண்டும்.

அவள் சின்னதாக ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினாள். பத்து விநாடிக்கு ஒரு தடவை, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துவைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு வாரம் ஓடவிட்டாள்.

டேட்டாபேஸில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஒரு பதிவைத் திருத்துவதற்காகத் திறந்தால், அவர் சேமிக்கும்வரை அந்தப் பதிவு அவருக்கு மட்டும் என்று பூட்டிக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்திக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக. வந்த மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இங்கே ஒவ்வொரு பேட்ச் சட்டத்துக்கும் ஒரு பதிவு. ஜனவரியில் சாஃப்ட்வேரில் செய்த ஒரு சின்ன மாற்றத்துக்குப் பிறகு, ஸ்டிக்கர் ஒன்று அச்சாகும்போதெல்லாம் அந்தப் பதிவில் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும். பதிவை வேறு யாராவது பிடித்து வைத்திருந்தால் எண்ணிக்கை கூடாது. எண்ணிக்கை கூடாவிட்டால் ஸ்டிக்கர் வராது.

இரண்டு வாரக் குறிப்பில் பதிவைப் பிடித்து வைத்திருந்தது ஒரே ஓர் ஆள். குவாலிட்டி பிரிவின் நாலு ஆய்வாளர்களில் QC02 என்ற லாகின். முதல் வாரம் காலை ஷிஃப்டில் பத்தேகால் மணி சுமாருக்கு, இரண்டாம் வாரம் மத்தியான ஷிஃப்டில் நாலரை சுமாருக்கு. யோசித்துப் பார்த்தால் ஜனவரியில் இருந்தே அப்படித்தான். ஒரு வாரம் காலையில் நிற்கும், அடுத்த வாரம் சாயங்காலம் நிற்கும். பிரச்சினைக்கே ஷிஃப்ட் இருந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் வேலை செய்த மூன்று நாளும் QC02 லீவு.

மாரிசெல்வி ஒரு பக்கத்தில் ரிப்போர்ட் எழுதினாள். QC02 ஆய்வுத் திரையைத் திறந்து, சராசரியாக ஒன்பது நிமிடம் சேமிக்காமல் வைத்திருக்கிறார். மற்ற மூன்று ஆய்வாளர்களும் ஒரு நிமிடத்துக்குள் சேமித்துவிடுகிறார்கள். QC02 திறந்து வைத்திருக்கும் நேரம் முழுக்க லைன் நிற்கிறது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

நயினார் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"யார் இந்த க்யூசி ஜீரோ டூ?"

"அன்னபுஷ்பம்னு ஒருத்தங்க சார். நான் பேசினதில்ல."

"ஒன்பது நிமிஷம் என்ன பண்றாங்க?"

"அது டேட்டாபேஸ்ல தெரியாது சார்."

"டீ குடிக்கப் போயிருப்பாங்க" என்றார் நயினார். அது விசாரணையாகவே இல்லை, எடுத்தவுடன் முடிவாக இருந்தது. மறுத்துச் சொல்ல மாரிசெல்வியிடம் எந்த ஆதாரமும் இல்லை. மறுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நாலு மாதமாகத் தேடியது கிடைத்துவிட்டதில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அன்னபுஷ்பத்துக்கு மெமோ கொடுத்தார்கள். குவாலிட்டியில் இருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மறுநாளில் இருந்து லைன் நிற்கவில்லை. ஒரு வாரம் பார்த்தார்கள், நிற்கவில்லை. மாரிசெல்வியின் போட்டோவை நோட்டீஸ் போர்டில் மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஒட்டினார்கள். ஏசி ரூமில் எடுத்த போட்டோ என்பதால் ஸ்வெட்டரோடு இருந்தாள். மே மாதத்து ஒரகடத்தில் அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுப் போனார்கள்.

பத்து நாள் கழித்து கேன்டீனில் சாம்பார் சாதத் தட்டோடு இடம் தேடியபோது ஒரு மேஜையில் மட்டும் காலி நாற்காலி இருந்தது. எதிரே ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் மெல்லிய செயினில் சின்னச் சிலுவை. பேக்கிங் பிரிவின் பச்சை ஏப்ரன் அவருக்குப் பெரிதாக இருந்தது. மாரிசெல்வி உட்கார்ந்த பிறகு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீதானே அந்த ஸ்வெட்டர் பொண்ணு?"

"ஆமாக்கா."

"நான்தான் அன்னபுஷ்பம்."

மாரிசெல்வி சுற்றிலும் வேறு இடம் தேடினாள். எழுந்து போக வழி இல்லை. எல்லா மேஜையும் நிரம்பியிருந்தது.

"ஸ்க்ரீன தொறந்து வச்சிட்டு டீ குடிக்கப் போனேன்னு எழுதிக் குடுத்துக்கிறாங்க" என்றார் அன்னபுஷ்பம். குரலில் கோபம் இல்லை, தகவல் சொல்வது போல இருந்தது. "நான் டீயே குடிக்கிறதில்ல கண்ணு. அல்சர் கீது."

"டீன்னு நான் எழுதலக்கா."

"நீ இன்னா எழுதுன?"

"ஒம்பது நிமிஷம் திறந்து வச்சிருந்தீங்கன்னு."

"அது கரெக்ட்டுதான். ஒம்போது பத்து ஆவும்." அவர் ஊறுகாயை ஓரமாக ஒதுக்கினார். "அஞ்சு பீஸ் அளக்கணும்ல?"

மாரிசெல்வி தட்டில் இருந்து கையை எடுத்தாள். "அளந்துட்டு வந்து ஸ்க்ரீனைத் திறக்கலாமேக்கா. திறந்து வச்சிட்டுப் போவானேன்?"

"தொறந்தாத்தானே எந்த அஞ்சு பீஸ்னு அது சொல்லும்? நம்பரு அஞ்சு குடுக்கும். அத கையில எழுதிகினு, கேஜ எடுத்துகினு லைனுக்குப் போவேன். அந்த அஞ்சயும் தேடிப் புடிச்சி, ஓட்டைக்கு ஓட்டை அளந்து, வெல்டிங் பாத்துட்டு வருவேன். நடுவுல ஸ்க்ரீன மூடிட்டா போச்சி. திரும்பத் தொறந்தா வேற அஞ்சு நம்பரு குடுக்கும். ஒரு தபா அப்டி ஆயி, பத்து பீஸ் அளந்தேன்."

"மத்தவங்க எப்படி ஒரு நிமிஷத்துல முடிக்காங்க?"

அன்னபுஷ்பம் தட்டில் மிச்சமிருந்த சாதத்தை வழித்தார். "அதுங்களத்தான் கேக்கணும்" என்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அன்னபுஷ்பம் இதற்கு முன் தாம்பரம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாலு வருடம் சட்டை செக்கராக இருந்தவர். ஒரு பட்டன் குறைந்தால் கப்பலே திரும்பி வந்துவிடும் என்று அங்கே பயமுறுத்தி வைத்திருந்தார்கள். கப்பல் எதுவும் திரும்பி வந்ததில்லை. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. இதெல்லாம் மாரிசெல்விக்குப் பிறகுதான் தெரியும். அன்று அவளுக்குத் தெரிந்தது, தான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்பது மட்டும்தான். அதைக் கேட்க நூறு அடி நடந்தால் போதுமாக இருந்திருக்கும்.

ஏசி ரூமுக்குத் திரும்பி, பழைய ஆய்வுப் பதிவுகளை எடுத்தாள். மற்ற மூவரும் திரையைத் திறந்து சேமிக்க எடுத்துக்கொண்ட நேரம் முப்பத்தைந்து முதல் ஐம்பது விநாடி. ஐந்து சட்டங்களுக்குத் தலா நாலு அளவு, மொத்தம் இருபது எண். அதை டைப் அடிக்கவே முப்பது விநாடி வேண்டும். நடந்துபோய் அளக்கக் கிடைப்பது மிச்சமிருக்கும் ஐந்து விநாடி. இரண்டு வருடத்தில் அந்த மூவரும் நிராகரித்த சட்டம் ஒன்றுகூட இல்லை. நிராகரிக்கப்பட்டவை மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் QC02.

லைன் நிற்காமல் ஓடிய நேரமெல்லாம் யாரும் எதையும் பார்க்காத நேரம். இப்போது நாள் முழுக்க நிற்காமல் ஓடுகிறது.

அன்று வீட்டில் இசக்கிபாண்டியிடம் சொன்னாள். அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். "இப்ப இதச் சொன்னா அந்த மூணு பேரும் உன்ன சும்மா விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

"போட்டோவ எடுத்துருவாங்களா?"

"எடுப்பாங்க."

"அப்ப நாளைக்கே சொல்லிரு. அந்தப் போட்டோவப் பாத்து எங்க பிளாண்ட்ல சிரிக்கானுவ."

அவள் இரண்டாவது ரிப்போர்ட் எழுதினாள். முதல் ரிப்போர்ட்டில் தான் காரணம் விசாரிக்காமல் விட்டது தவறு என்று முதல் வரியிலேயே எழுதினாள். விநாடிகளை அடுக்கினாள். நயினார் இந்தத் தடவை நாலு முறை வாசித்தார்.

"அப்போ ஒன்பது நிமிஷம்தான் சரியான நேரமா?"

"அளந்து பாத்தா அவ்வளவு ஆகும் சார். ஆனா அந்த நேரம் முழுக்கப் பதிவு பூட்டிக்கிடக்கக் கூடாது. அத மாத்தணும். சாஃப்ட்வேர் கம்பெனிக்குச் சொல்லி—"

"நேரம்தானே? நான் பாத்துக்கறேன்" என்றார் நயினார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. எந்த ஆய்வாளரும் ஆய்வுத் திரையை ஒன்பது நிமிடத்துக்குள் சேமிக்கக் கூடாது.

ஆய்வாளர்கள் மூவரும் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினார்கள். திரையைத் திறந்தார்கள். டீ குடிக்கப் போனார்கள். ஒன்பது நிமிடம் கழித்து வந்து இருபது எண்ணை அடித்துச் சேமித்தார்கள். நாளுக்கு நாலு பேட்ச். ஒரு தடவை நின்றுகொண்டிருந்த லைன் இப்போது நாலு தடவை நின்றது. எல்லாருடைய நேரமும் துல்லியமாக ஒன்பது நிமிடம், சில விநாடிகள்.

"மாரி, நிக்கி" என்றார் சுடலை.

"தெரியும் அண்ணாச்சி."

"என்னத்தத் தெரிஞ்சு? இன்னைக்கு மூணாவது தடவ."

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. ஏழரைக்கு வரும்."

"எலுமிச்சம்பழமே தேவலாம்" என்று சுடலை போனை வைத்துவிட்டார்.

மாரிசெல்வி அதற்குப் பிறகு யாருக்கும் ரிப்போர்ட் எழுதவில்லை. டென்னிஸுக்குப் போன் செய்தாள். திரையைத் திறந்தவுடன் பூட்டாதே, சேமிக்கும் அந்த நொடியில் மட்டும் பூட்டு. இடையில் வேறு யாராவது ஆய்வு விவரத்தைத் திருத்தியிருந்தால் அப்போது சொல். ஐந்து நம்பரையும் முதல் தடவை கொடுக்கும்போதே எழுதிவை, மூடித் திறந்தாலும் அதே ஐந்தைக் காட்டு. இவ்வளவுதான் அவள் கேட்டது.

"அந்த இடத்துல கை வைக்க முடியாது மேடம்" என்றார் டென்னிஸ்.

"ஏன்?"

"கோடுக்கு மேல 'தயவுசெய்து தொடாதீர்கள்'னு எழுதியிருக்கு."

"யார் எழுதினது?"

"தெரியல மேடம். அவர் கனடா போயிட்டார்."

"ஏன் தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

"இல்ல மேடம். தயவுசெய்துன்னு மட்டும் இருக்கு."

டென்னிஸ் அந்த வாரம் வந்தார். வந்தவரை மாரிசெல்வி ஏசி ரூமுக்குக் கூட்டிப்போகவில்லை. பேக்கிங் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். அன்னபுஷ்பம் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அளப்பது எப்படி என்று அவரை நடந்து காட்டச் சொன்னாள். அவர் டேப்பை வைத்துவிட்டு, பழைய இடத்துக்குப் போய், அளக்கும் கேஜை வாங்கி, ஐந்து சட்டங்களைத் தேடி எடுத்து அளந்தார். டென்னிஸ் பின்னாலேயே நடந்தார். நாலு வருடமாக அந்தத் திரையைப் பராமரிப்பவர் அதை யார் எங்கே நின்று பயன்படுத்துகிறார்கள் என்று அன்றுதான் பார்த்தார்.

"இந்த பீஸ் மேல ஒட்டுன ஸ்டிக்கர லைன்லயே ஸ்கேன் பண்ணா ஒங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா தம்பி?" என்று அன்னபுஷ்பம் கேட்டார்.

"தெரியும்."

"அஞ்சயும் ஸ்கேன் பண்ணாத்தான் நம்பர் அடிக்க வுடுவேன்னு சொல்லச் சொல்லு. உக்காந்த எடத்துலருந்து எப்டி ஸ்கேன் பண்ணுவாங்க?"

டென்னிஸ் மாரிசெல்வியைப் பார்த்தார். அதற்குக் கூடுதலாக இரண்டு நாள் வேலை ஆகும் என்றார். ஒன்றரை நாளில் முடித்தார்.

மாற்றத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லைன் ஓடாத நேரத்தில் ஏற்றினார்கள். மாரிசெல்வி முதலில் பேக்கப் எடுத்தாள், அதைத் திறந்து பார்த்தாள், பிறகுதான் டென்னிஸைத் தொடவிட்டாள். 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்ற வரியை டென்னிஸ் அழிக்கப் போனார். வேண்டாம் என்று அதன் கீழே, தொட்ட தேதியையும் காரணத்தையும் எழுதச் சொன்னாள்.

திங்கட்கிழமை லைன் நிற்கவில்லை. காலை ஆய்வாளர் எட்டரை நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் பிரிண்டர் பன்னிரண்டு ஸ்டிக்கர் அச்சடித்தது. மாரிசெல்வி திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சுடலை போன் செய்யவில்லை. பதினொரு மணிக்கு அவளே போன் செய்து, "ஓடுதா அண்ணாச்சி?" என்றாள். "ஏன், நிக்கப் போகுதா?" என்று அவர் பதறினார்.

அன்னபுஷ்பத்தைத் திரும்ப குவாலிட்டிக்கு மாற்ற மூன்று வாரம் ஆனது. மெமோவை ஃபைலில் இருந்து எடுக்கச் சொல்லி மாரிசெல்வி ஹெச்.ஆருக்குப் போனாள். ஃபைலில் ஒரு தாளைச் சேர்ப்பதற்குத்தான் நடைமுறை இருக்கிறது, எடுப்பதற்கு இல்லை என்றார்கள். யோசித்து, முதல் மெமோவைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இரண்டாவது மெமோ ஒன்று கொடுத்தார்கள். அன்னபுஷ்பம் அதற்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். நோட்டீஸ் போர்டில் மாதம் மாறியதால் போட்டோவும் தானாகவே மாறிவிட்டது.

ஜூலை முதல் வாரம் நயினார் அவளை அவசரமாகக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு பிரிண்ட் அவுட் இருந்தது.

"டேட்டாபேஸ்ல ஏதோ கோளாறு. ஒரே வாரத்துல பதினெட்டு ரிஜெக்ட் காட்டுது. நாலு ஆய்வாளர் பேர்லயும் வருது."

"கோளாறு இல்ல சார்."

"ரெண்டு வருஷத்துக்கே முப்பத்தொண்ணுதானே இருந்தது? நீங்க மாத்தினதுக்கு அப்புறம்தான் குவாலிட்டி விழுந்திருக்கு."

மாரிசெல்வி பிரிண்ட் அவுட்டை வாங்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு சட்டத்தையும் எந்த ஜிக்கில், அதாவது எந்த வெல்டிங் தாங்கியில், வைத்து வெல்ட் செய்தார்கள் என்பது இன்னொரு பட்டியலில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க டேட்டாபேஸுக்கு ஒரு கேள்வி எழுதினாள். பதினெட்டில் பதினேழு, ஏழாம் நம்பர் ஜிக். பழைய முப்பத்தொன்றையும் சேர்த்துப் பார்த்தாள். இருபத்தாறு அதே ஜிக். இரண்டு வருடமாக அன்னபுஷ்பம் நிராகரித்துத் தந்த முப்பத்தொரு பதிவுகளும் அவள் பேக்கப் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தவைதான். யாரும் திறந்து வாசிக்கவில்லை. அவளும்தான்.

சுடலையைக் கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் ஜிக்குக்குப் போனாள். சட்டத்தை நகராமல் பிடித்துக்கொள்ளும் பின் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது. சுடலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

"சொல்லியிருக்காங்க அண்ணாச்சி. இருபத்தாறு தடவ."

பின்னை மாற்ற இருபது நிமிடம் ஆனது. அதற்காக லைனை நிறுத்தினார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை.

யார்டில் அனுப்புவதற்காக அடுக்கி வைத்திருந்த எண்ணூறு சட்டங்களையும் திரும்ப அளக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே போனவற்றைப் பற்றி நயினார் கார் கம்பெனிக்குப் போன் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிடம் பேசிவிட்டு, வெளியே வந்து தண்ணீர் குடித்தார். அளக்க ஆள் போதவில்லை. மாரிசெல்வி தானும் வருகிறேன் என்றாள். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு யார்டுக்குப் போனாள்.

யார்டில் தகரக் கூரைக்குக் கீழே வெக்கை கொதித்தது. அன்னபுஷ்பம் ஒரு கேஜை அவள் கையில் கொடுத்து, எங்கிருந்து எங்கே என்று ஒருமுறை காட்டினார். மாரிசெல்வி முதல் ஐந்து சட்டங்களை அளந்தாள். கேஜின் முனை ஓட்டையில் சரியாக உட்காரவில்லை. உட்கார்ந்தால் எண்ணைப் படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. படித்த எண்ணைத் தாளில் எழுதுவதற்குள் மறந்தது. ஐந்தும் சரி என்று எழுதிக் கொடுத்தாள். பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

அன்னபுஷ்பம் தாளை வாங்கிப் பார்த்தார். மூன்றாவது சட்டத்தை மட்டும் எடுத்துத் திரும்ப அளந்தார். அதை ரிஜெக்ட் ஆன சட்டங்களோடு ஓரமாக வைத்தார். பிறகு, அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கிடந்த ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி அவள் பக்கம் கொண்டுவந்தார்.

"உக்காந்துகினே அள கண்ணு. இன்னும் எழுநூத்து சொச்சம் கீது."